பாடல் நயம்: அணியைக் கண்டுபிடித்த பிறகு பிள்ளைகள் என்ன எழுதுவது?

ஹட்டன் டீச்சர்:
வணக்கம். ஓ.எல். (சாதாரண தரப் பரீட்சை) பிள்ளைகளிடம் படிக்காத பாடல் ஒன்றைக் கொடுத்து நயம் எழுதச் சொன்னால், "மோனை வந்துள்ளது, எதுகை வந்துள்ளது, படிக்க இனிமையாக உள்ளது" என்று முடித்துவிடுகிறார்கள். கருப்பொருளைக் கேட்டால் "துன்பம்" என்று ஒரு சொல். நம்முடைய நாட்டார் பாடலை வைத்தே பழக்கலாம் என்று இருக்கிறேன்:

கூனி அடிச்ச மலை
கோப்பிக் கன்னு போட்ட மலை
அண்ணனைத் தோத்த மலை
அந்தா தெரியுது பார்

எங்கிருந்து தொடங்குவது? காப்பியத்தில் ஒரு பாத்திரம் பேசும் பகுதி வந்தாலும் இதே வழி சரிவருமா?

பண்டாரவளை வாசகர்:
டீச்சர், அணியின் பெயரைக் கடைசிக்குத் தள்ளிவிடுங்கள். யார், யாரிடம், எதைப் பார்த்துச் சொல்கிறார் என்பதுதான் முதல் கேள்வி. அண்ணனை இழந்த ஒருவர், பக்கத்தில் நிற்பவருக்கு மலையைக் கைகாட்டிச் சொல்கிறார். "அந்தா", "பார்" இரண்டும் அதற்குச் சாட்சி. பிறகு அடிச்ச, போட்ட, தோத்த என்ற மூன்றுக்கும் கீழ்க்கோடு போடச் சொல்லுங்கள். முதல் இரண்டும் வேலை. மூன்றாவது இழப்பு. ஆனால் சொல்லும் முறை மாறவே இல்லை, மூன்றும் 'மலை' என்றுதான் முடிகின்றன. அண்ணனைப் பறிகொடுத்ததும் அந்த மலையில் நடந்த வேலைகளின் வரிசையிலேயே வந்து நிற்கிறது. அழுகையைக் குறிக்கும் சொல் ஒன்றுகூட இல்லை, அதனால்தான் இப்படி அறுக்கிறது. இவ்வளவும் பிடிபட்ட பிறகு 'இயைபு' (அடிகளின் முடிவு ஒன்றி வருவது) என்று பெயர் சொன்னால், அது எதற்காக வந்தது என்று பிள்ளைக்கே விளங்கும்.

கருப்பொருளை முழு வாக்கியமாகவே எழுதப் பழக்குங்கள்: "தங்கள் உழைப்பால் உருவான மலையே தங்கள் உறவைப் பறித்தது, அது இன்னும் கண்ணெதிரே நிற்கிறது." "துன்பம்" என்பது எந்த ஒப்பாரிக்கும் பொருந்தும், இந்த வாக்கியம் இந்தப் பாடலுக்கு மட்டும்தான் பொருந்தும்.

மாத்தளை ஆசிரியர்:
இரண்டு இடத்தில் பிள்ளைகள் வழுக்குவார்கள். ஒன்று, "தேயிலைத் தொழிலாளியின் துயரம்" என்று எழுதுவது. பாடலில் இருப்பது கோப்பி. இலங்கையில் வணிகத் தேயிலை தொடங்கிய லூல்கந்துர தோட்டத்தில் அதைப் போட்டது 1867இல், கோப்பி இலைநோய் தலைகாட்டியது 1869இல். பாடல் பேசுவது அந்த நோய் கோப்பியை அழிக்கும் முன்பு மலைகளில் கன்று நட்ட காலத்தை. மற்றது, கூனி–கோப்பி மோனையைத் தவறவிடுவது. ஒரே எழுத்து இல்லையே என்று விட்டுவிடுவார்கள். கு, கூ, கொ, கோ நான்கும் தமக்குள் மோனையாக வரும்.

நுவரெலியா சேர்:
பேச்சுக்கும் அதே கேள்விகள்தான், கூடவே சொல்லும் ஒழுங்கையும் பார்க்க வேண்டும். சிலப்பதிகாரத்தின் வழக்குரை காதையில் பாண்டியன் "யாரையோ நீ" என்று கேட்கிறான். கண்ணகி தன்னைப் பற்றிச் சொல்லித் தொடங்கவில்லை. "தேரா மன்னா" என்று குற்றச்சாட்டை விளியிலேயே வைத்துவிடுகிறாள். அடுத்து, புறாவுக்கும் பசுவுக்கும் நீதி செய்த சோழர் இருவர். அதற்குப் பிறகுதான் ஊர், குடும்பம், கொலை; "கண்ணகி என்பது என் பெயரே" என்பது கடைசியில். இந்த ஒழுங்கால், கேள்வி கேட்ட அரசனே பதில் சொல்ல வேண்டியவனாகிறான். "வாயிற் கடைமணி நடுநா நடுங்க, ஆவின் கடைமணி உகுநீர்" என்ற இடத்தில் 'கடைமணி' முதலில் வாசல் மணி, பிறகு பசுவின் கடைக்கண். சொற்பின்வருநிலை (ஒரே சொல் வேறு பொருளில் மீண்டும் வருவது) என்று பெயரை மட்டும் எழுதினால் பாதிதான். பசுவின் கண்ணீரும் அரண்மனை மணியும் ஒரே சொல்லில் இணைவதால், அங்கே முறையீடு உடனே அரசன் காதுக்குப் போனது என்று தெரிகிறது. கோவலன் விஷயத்தில் நடக்காதது அதுதான்.

ஹட்டன் டீச்சர்:
மிக்க நன்றி. ஒரு விடையில் எத்தனை உத்திகள் எழுதச் சொல்லலாம் சேர்?

நுவரெலியா சேர்:
மூன்று போதும். ஒவ்வொன்றுக்கும் பாடலடி, அது அங்கே செய்யும் வேலை, கருப்பொருளோடு அதன் தொடர்பு என மூன்று வாக்கியம். நடு வாக்கியத்தை எழுத முடியாவிட்டால் அந்த உத்தியை விட்டுவிட்டு வேறொன்றை எடுக்கச் சொல்லுங்கள்.