புதுப்பிப்பு: பெசன்ட் நகர் – திருவான்மியூர் கடற்கரை நடை

முழங்கால் வலி உள்ள அம்மாவோடு சென்னை பெசன்ட் நகரிலிருந்து திருவான்மியூர் வரை கரையோரமாக நடக்க முடியுமா என்று போன மாதம் கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி. போய் வந்துவிட்டோம்.

கைகொடுத்தது, "நீர் வற்றும் நேரம் பார்த்துப் போங்க, ஈர மணலில் நடங்க" என்ற யோசனைதான். உலர்ந்த மணலில் கால் புதைகிறது. அலை இப்போதுதான் விட்டுப்போன இடம் தரை மாதிரி இறுகியிருக்கிறது. ஷ்மிட் நினைவுச் சின்னத்தில் கிளம்பி, அஷ்டலட்சுமி கோயில் பின்புறம் அம்மா கொஞ்சம் உட்கார்ந்தார். அப்புறம் ஓடைக்குப்பம் என்ற மீனவர் குப்பத்தில் வலை, படகுகளுக்கு இடம்விட்டு மேலேறிச் சுற்ற வேண்டியிருந்தது.

எதிர்பாராதது: மணலில் ஆமையின் துடுப்புக்கால் தடம், கடலிலிருந்து ஏறித் திரும்பிப் போயிருந்தது. முட்டையிடக் கரையேறும் பங்குனி ஆமை என்ற கடலாமை அது என்றார் ஒரு மீனவர். அவை முட்டையிடும் ஜனவரி முதல் மார்ச் வரை போகிறவர்கள் தடத்தை மிதிக்காமல் நடங்கள்.