கேம்ப் டேவிட் 1978: ஆளின் குணமா, நாட்டின் கணக்கா?

கேள்வி:
எகிப்துக்கும் இஸ்ரேலுக்கும் இடையே அமெரிக்கா நடத்திவைத்த கேம்ப் டேவிட் ஒப்பந்தத்தில் தலைவர்களின் சுபாவம் உண்மையிலேயே முடிவை மாற்றியதா? இஸ்ரேல் பிடித்து வைத்திருந்த சினாய் தீபகற்பம் எகிப்துக்கு, அமைதி இஸ்ரேலுக்கு என்ற கணக்கு யார் இருந்தாலும் அப்படித்தானே முடிந்திருக்கும்?

பதில் 1:
கணக்கு இருந்தது, சரி. அதை 13 நாளில் முடிக்க வைத்தது அமெரிக்க அதிபர் கார்ட்டர் நடத்திய விதம். சி.ஐ.ஏ. தயாரித்த ஆளுமைக் குறிப்புகளைப் படித்துவிட்டுத்தான் போனார். இஸ்ரேல் பிரதமர் பெகின் சட்டம் படித்தவர். ஒவ்வொரு சொல்லுக்கும் மல்லுக்கட்டுவார். எகிப்து அதிபர் சதாத்துக்கு நுணுக்கம் ஆகாது, பெரிய காரியம்தான் கண்ணில் படும். தொடக்கத்தில் நேருக்கு நேர் உட்கார வைத்தது சண்டையில் முடிந்தது. அதன்பின் இருவரையும் பிரித்து வைத்து, அமெரிக்கர்களே ஒற்றை வரைவு எழுதி, இரு பக்கமும் கொண்டுபோய்த் திருத்தினார்கள். மொத்தம் 23 வரைவுகள்!

பதில் 2:
ஒன்றை விட்டுவிட்டீர்கள் சார். எகிப்துக் குழுவில் தலைவர்தான் இளகியவர், அதிகாரிகள் கறார். வெளியுறவு அமைச்சர் கமெல் அங்கேயே ராஜினாமா செய்தார். இஸ்ரேல் பக்கம் தலைகீழ்: வெளியுறவு அமைச்சர் தயானும் பாதுகாப்பு அமைச்சர் வெய்ஸ்மனும் வளைந்தார்கள், பெகின் எளிதில் அசையவில்லை. சினாயில் இருந்த யூதக் குடியேற்றங்களை அகற்றும் முடிவைத் தன் தலையில் போட்டுக்கொள்ளாமல் இஸ்ரேல் நாடாளுமன்றமான க்னெசெட்டின் வாக்கெடுப்புக்கு விட்டார். குடியேற்றங்களை அகற்றமாட்டேன் என்று சொன்ன வாக்கு தவறியவராகாமல் அவர் இருக்க அதுதான் வழி.

பதில் 3:
சறுக்கலும் குணத்தால்தான். பாலஸ்தீனர் வாழும் மேற்குக் கரையில் புதிய குடியேற்றங்களை நிறுத்துவது பற்றி, சொல்லுக்குச் சொல் பிடிக்கிற ஆளிடம் தெளிவாக எழுதி வாங்காமல் விட்டார்கள். பாலஸ்தீனர் தன்னாட்சிப் பேச்சு முடியும்வரை என்று கார்ட்டர் புரிந்துகொண்டார். மூன்று மாதம்தான் என்றார் பெகின்.