பலாக் கட்டை: வேலை செய்தவர்கள் கண்டவை

நாகர்கோவில் உறுப்பினர்:

எங்கள் பகுதியில் பழைய ஓட்டு வீடு ஒன்றைப் பிரித்தால், நிலையும் கதவும் சன்னல் சட்டங்களும் பெரும்பாலும் பலாவாகவே இருக்கும். தேக்கு வாங்க வசதியில்லாதவர்கள் பலாவை வைத்தார்கள் என்று இன்று பலர் சொல்வதை நான் ஏற்பதில்லை. வைரம் (மரத்தின் உட்புறத்து முதிர்ந்த கெட்டிப் பகுதி) பாய்ந்த பலாவைக் கரையான் எளிதில் தொடாது என்பதையும், நன்றாகக் காய்ந்த பிறகு அது அதிகம் சுருங்குவதோ முறுக்கிக்கொள்வதோ இல்லை என்பதையும் அறிந்தே அந்தக் காலத்து ஆசாரிமார்கள் அதைத் தேர்ந்தெடுத்தார்கள். மர ஆயுளைப் பற்றிய அந்தப் பெருமையெல்லாம் வைரத்துக்கு மட்டுமே உரியது. ஓரத்தில் இருக்கும் வெளிறை, அதாவது வைரம் பாயாத மென்பகுதியை, சீவி எறியாமல் சட்டம் செய்தால், சில ஆண்டுகளில் அந்த இடம் உளுத்து, தரையில் மாவு கொட்டத் தொடங்கிவிடும்.

அறுத்தவுடன் இதன் வைரம் பளிச்சென்ற மஞ்சளாக இருக்கும். தூள் வியர்வையோடு சேர்ந்தால் சட்டைக் கழுத்தும் மஞ்சளாகிவிடும். வெளிச்சம் படப்பட அது பழுப்பேறி, பிறகு செம்பழுப்பாகிறது. என் பட்டறைக்குச் சீர் செய்ய வந்த ஓர் அலமாரிக் கதவில், நாள்காட்டி தொங்கிய சதுரம் மட்டும் மஞ்சள் மாறாமல் நிற்க, மற்ற இடமெல்லாம் தேன் நிறத்தைத் தாண்டியிருந்தது. ஆகவே, புதுக் கதவுக்குச் சாயம் பூசித் தேக்கு நிறமாக்கச் சொல்லும் வாடிக்கையாளர்களிடம் கொஞ்சம் பொறுத்திருக்கும்படி கேட்டுக்கொள்கிறேன், பொறுப்பவர்கள் குறைவு.

வேலை செய்பவருக்கு இது தரும் ஒரே தொல்லை இழைப்பில்தான். ரேகை ஒரு பட்டையில் ஒரு பக்கமும் அடுத்த பட்டையில் மறுபக்கமும் சாய்ந்து ஓடுவதால், எந்தத் திசையில் இழைப்புளியைத் தள்ளினாலும் ஏதாவது ஒரு பட்டையில் சிலாம்பு எழும்பும். இழைப்புளியின் தகட்டைத் தீட்டி, மிக மெல்லிய சீவலாக, சற்றே கோணலாகத் தள்ளிய பிறகு, உடைந்த கண்ணாடிச் சில்லால் சுரண்டி முடிப்பதே எனக்குச் சரிப்பட்டு வந்திருக்கிறது.

பண்ருட்டி உறுப்பினர்:

மேலே சொன்ன முறுக்காத குணம் எங்கள் தொழிலுக்கே அடிப்படை. பண்ருட்டிப் பக்கம் பலாப்பழத்துக்கு மட்டுமன்றி மிருதங்கக் கட்டைக்கும் பெயர் பெற்றது. நான் அறிந்தவரை, காய்ப்பு ஓய்ந்த முதிய மரமே கட்டைக்கு ஏற்றது. இளமரத்தில் வெளிறு மிகுந்து வைரம் ஒடுங்கியிருக்கும். ஏறத்தாழ 22 முதல் 24 அங்குல நீளத்துக்குத் துண்டு போட்டு, உருண்டையை அப்படியே வைத்து இரு முனைகளிலிருந்தும் குடையும்போது, வெடிப்புக்கு முதற்காரணமான நடுச்சோறு (மரத்தின் மையத்தில் உள்ள மென்மையான பகுதி) தானாகவே வெளியேறிவிடுகிறது. நீளம் கூடிய கட்டை தக்கு (தாழ்ந்த) சுருதிக்கும், நீளம் குறைந்தது உச்ச (உயர்ந்த) சுருதிக்கும் போகும். குடைந்த கட்டையை வெயிலில் வைத்துக் காயவைக்க முயல்பவர்கள் ஒரு வாரத்திலேயே விரிசலைப் பார்ப்பார்கள். நிழலில், காற்றோட்டமான இடத்தில், மாதக்கணக்கில் காய வேண்டும்.

வாங்க வருபவர்கள் கட்டையை ஒரு கையால் தூக்கிப் பார்த்துவிட்டு, வாயோரத்தில் விரல் முட்டியால் தட்டிக் காது வைக்கிறார்கள். காய்ந்த நல்ல கட்டை மணிபோல் நீண்டு ஒலிக்கும். ஈரம் இருந்தால் ஒலி உடனே அடங்கிவிடும். கோயில் மணியோசை கேட்டு வளர்ந்த மரத்துக்கு நாதம் அதிகம் என்று இத்தொழிலில் ஒரு பேச்சு உண்டு. அப்படிச் சொன்னால் விலை கூடுகிறது என்பதை மட்டும் நான் உறுதியாகச் சொல்ல முடியும்.

தஞ்சாவூர் வீணையும் பலாவில்தான் செய்யப்படுகிறது. குடம், தண்டி, யாளி முகம் என்று தனித்தனியாகச் செய்து இணைப்பது ஒட்டு வீணை. அனைத்தையும் ஒரே மரத்தில் குடைவது ஏகாந்த வீணை. பின்னதற்கு வேண்டிய பருமனும் நீளமும் கணுவின்மையும் கூடிய ஒரே மரம் கிடைப்பது நாளுக்கு நாள் அரிதாகி வருவதால், அதன் விலையைக் கேட்டு எவரும் வியக்க வேண்டியதில்லை. கஞ்சிராவின் சட்டமும் பலாவே.

மாத்தளை உறுப்பினர்:

இலங்கையில் கதிரை, மேசை, அலுமாரி, யன்னல் என்று எல்லாத் தளபாடங்களுக்கும் பலா பயன்படுகிறது. ஆயினும் இங்கே இது முதலில் உணவு மரம். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆர்தர் வி. டயஸ் நாடெங்கும் பலாக் கன்றுகளை நடத் தூண்டியதால், சிங்களத்தில் ‘கொஸ் மாமா’ (பலா மாமா) என்றே அழைக்கப்பட்டார். சொந்த வளவில் நிற்கும் மரமாயினும் அனுமதி பெறாமல் வெட்ட முடியாது. பலகையை லொறியில் ஏற்றிச் செல்லவும் தனி அனுமதி வேண்டும்.

மரத்தின் மஞ்சளைப் பற்றி நாகர்கோவில் அன்பர் எழுதியதோடு ஒன்றைச் சேர்க்கிறேன். பௌத்த பிக்குகளின் சீவர ஆடைக்குச் சாயமிட, பலா வைரத்தின் சிராய்களைக் கொதிக்கவைப்பது பழைய வழக்கம். படிகாரம் சேர்த்தால் நிறம் துணியில் நன்றாகப் பிடிக்கும்.

அனுமதிக்காக அலைய விரும்பாதவர்கள், பழைய வீடு இடிக்கப்படும் இடங்களில் நிலைகளையும் கதவுகளையும் வாங்குகிறார்கள். அவ்வாறு வாங்கும்போது, நிலையின் அடிப்பாகத்தை, அதாவது சீமெந்துக்குள் புதைந்திருந்த அரையடியை, உளி முனையால் குத்திப் பார்த்து, உளி இறங்கினால் அந்தப் பகுதியைக் கழித்தே விலை பேசுங்கள்.