புதுப்பிப்பு: டோங்காட் (தென்னாப்பிரிக்கா) ஓடை அரிப்பு டெண்டர்
போன தடவை கேட்டிருந்தேனே, நம்ம கரும்புச் சரிவில் மழை அறுத்துப்போட்ட ஓடைக்கு லேண்ட்கேர் (அரசின் நிலப் பாதுகாப்புத் திட்டம்) பணத்தில் கல்தடுப்பு கட்டும் டெண்டர், குறைந்த விலை கேட்டவருக்குத்தான் கிடைக்குமா என்று, அதற்குப் பதில் தெரிந்துவிட்டது. கட்டாயமில்லை.

அரசுக் கொள்முதலுக்கான 2022 விதிகளின்படி 5 கோடி ராண்ட் வரையான வேலைக்கு விலைக்கு 80 புள்ளி, டெண்டரிலேயே எழுதியிருக்கும் சிறப்பு இலக்குகளுக்கு (முன்பு ஒதுக்கப்பட்டவர்களுக்குச் சொந்தமான நிறுவனமா என்பது போன்றவை) 20. மிகக் குறைந்த விலையைவிட 10 சதவீதம் கூடக் கேட்டிருந்தாலும் போவது 8 புள்ளிதான், அதை அந்த 20-இல் பிடித்துவிடலாம். ஆனால் எஸ்பிடி 6.1 படிவத்தோடு (SBD 6.1, இந்தச் சிறப்புப் புள்ளிகளைக் கேட்கும் படிவம்) சான்று வைக்காவிட்டால் அந்தப் புள்ளி கிடையாது, பக்கத்துப் பண்ணை அண்ணனுக்கு அப்படித்தான் கைநழுவியது, எனக்கு இன்னும் மனசு ஆறவில்லை.

அப்புறம், மத்திய சப்ளையர் பதிவையும் (அரசுக்கு வேலை செய்பவர்களின் பட்டியல்) வரி நிலையையும் இப்போதே பார்த்து வையுங்கள், கடைசி நாளில் ஓடாதீர்கள்.