சாவியா, குழாயா? 'யாவே' இடறிவிட்ட இடங்கள்

குழாயடி:
மெக்சிகோவில் பேசும் ஸ்பானிய வாக்கியம்: "சியெர்ரா லா யாவே". தமிழ் மொழிபெயர்ப்பில் 'சாவியை மூடு' என்று வந்து நிற்குது. அந்தக் காட்சியில் சாவியே கிடையாது, தண்ணீர்தான் கொட்டுது! யாவே என்றால் சாவி மட்டுமில்லை, அங்கே தண்ணீர்க் குழாயும்தான். ஸ்பானர், மல்யுத்தப் பிடி எல்லாத்துக்கும் அதே சொல். மூலம் லத்தீன் கிளாவிஸ், சாவி.

பழஞ்சொல்:
கிளாவிஸ் இல்லைங்க, அதன் இரண்டாம் வேற்றுமை வடிவம் 'கிளாவெம்'. ஸ்பானியப் பெயர்ச்சொற்கள் பெரும்பாலும் அந்த வடிவத்திலிருந்துதான் வந்தன. கடைசி 'ம்' உதிர்ந்தது, முதலில் நின்ற 'கிள' குழைந்து 'ய' ஆச்சு. போர்ச்சுக்கீசியத்தில் அதே இடத்தில் 'ச', நம்ம சாவி அங்கிருந்து வந்ததுதான். இன்று லிஸ்பனில் 'ஷ' என்கிறார்கள், 16ஆம் நூற்றாண்டில் அழுத்தமான 'ச்ச'. தமிழை மட்டும் வைத்து இதை நிரூபிக்க முடியாது, நாம 'ஷ'வையும் 'ச' ஆக்கிடுவோம். இந்தி 'ச்சாபி'தான் சரியான சாட்சி, அங்கே 'ச்ச'வும் 'ஷ'வும் தனித்தனி.

ஏட்டுச்சுவடி:
யாரும் கேட்கலை, இருந்தாலும் சொல்றேன். ஸ்பானியச் சொல் இரட்டை 'எல்'லில் (எழுத்து ll, ஒலி 'ய') தொடங்கினால், போர்ச்சுக்கீசியத்தையும் இத்தாலியனையும் பக்கத்தில் வைத்துப் பாருங்க. மழை: யூவியா, ஷூவா, பியோஜ்ஜா (லத்தீன் ப்ளூவியா). தீச்சுடர்: யாமா, ஷாமா, ஃபியம்மா (ஃப்ளம்மா). மூன்றும் இந்த வரிசையில் ஒத்துப்போனால், லத்தீனிலிருந்து பேச்சில் வாய்வழி வந்த சொல்.

வழுக்கும் இடம் அந்த 'யாமா'தான். 'அழைக்கிறான்' என்ற யாமா கிளாமாரே என்ற வினையின் பிள்ளை. ஆண்டிஸ் மலை விலங்கு யாமாவோ கெச்சுவா மொழிச் சொல். போர்ச்சுக்கீசியத்தில் அது 'ஷாமா' ஆகாமல் 'லியாமா' என்றே நிற்பதால் குட்டு வெளிப்படுது.

'கிள' மாறாமல் இருந்தால் பின்னாளில் லத்தீன் ஏட்டிலிருந்து எடுத்தது. கிளாவே (சங்கேதக் குறி, கடவுச்சொல்) அப்படி. போப் தேர்தல் நடக்கும் கான்கிளாவேயும் அப்படி: சாவி போட்டுப் பூட்டும் அறை. 1268இல் தொடங்கிய தேர்தல் 1271 வரை இழுத்ததால், போப் பத்தாம் கிரகோரி 1274இல், வாக்களிக்கும் கர்தினால்களைப் பூட்டிவைப்பதைச் சட்டமாக்கினார்.

குழாயடி:
மாறாததெல்லாம் ஏட்டுச் சொல்லா? பூவுக்கு ஃப்ளோர், சதுக்கத்துக்கு பிளாசா, தெளிவுக்கு கிளாரோ. எதுவும் 'ய' ஆகலை, எல்லாம் தெருவில் புழங்குற சொற்கள். மாறியிருந்தால் வாய்வழி என்று சொல்லலாம், மாறாததை வைத்து எதையும் சொல்ல முடியாது. ஆணிக்கு லத்தீன் கிளாவுஸ், ஸ்பானியத்தில் இன்றும் கிளாவோ. கொல்லன் என்ன, ஏட்டைப் பார்த்தா பேர் வைத்தான்?