6.5 மீட்டர் வேனில் ஸ்காட்லாந்து மலைநாடு: அப்பிள்கிராஸ் கணவாய் ஏறலாமா?

ஊர்சுற்றி:
பழைய கேம்பர்வேன் ஒன்று வாங்கினோம், 6.5 மீட்டர் நீளம். ஜூலையில் இரண்டு பிள்ளைகளோடு இன்வர்னஸிலிருந்து நார்த் கோஸ்ட் 500 என்ற வடகடலோரச் சுற்றுச் சாலையில் போய்வர எண்ணம். கையில் ஆறு நாள். முதல் நாளே பியாலக் ந பா கணவாய் வழியாக அப்பிள்கிராஸ் போகலாமா? இதுவரை கார் மட்டும்தான் ஓட்டியிருக்கிறேன். இன்னொன்று, 700 வாட் ரைஸ் குக்கரை இன்வெர்டரில் போட்டேன். அரிசி கொதிக்கும் முன்பே இன்வெர்டர் கத்திவிட்டு அணைந்தது. பேட்டரி பழுதா?

மலைப்பாதை:
கணவாயை விட்டுவிடுங்கள். உச்சி 626 மீட்டர், இரு திசைக்கும் ஒரே வண்டி அகலமுள்ள ஒற்றை வழி, கொண்டை ஊசி வளைவுகள். பெரிய வண்டிகளும் கேரவன்களும் வேண்டாம் என்று அடிவாரப் பலகையிலேயே எழுதியிருக்கிறது. பாதி ஏற்றத்தில் எதிரே வண்டி வந்தால் ரிவர்ஸ் எடுக்க வேண்டியது நீங்களாக இருக்கலாம், பின் சீட்டில் பிள்ளைகள் அலற. ஷீல்டெய்கிலிருந்து கடலோரச் சாலை அப்பிள்கிராஸுக்குப் போகிறது. அதுவும் ஒற்றை வழிதான், ஆனால் அந்த ஏற்றம் இல்லை.

எதிரெதிர் வண்டிகள் விலகிப் போக ஒற்றை வழியில் ஆங்காங்கே ஒதுங்குமிடம் இருக்கும். எதிரே வண்டி வரும்போது அது இடப்பக்கம் இருந்தால் உள்ளே போங்கள். வலப்பக்கம் இருந்தால் அதற்கு நேராக உங்கள் பக்கத்திலேயே நின்று, எதிரே வருபவரை உள்ளே விடுங்கள். பின்னால் உள்ளூர்க்காரர் அவசரமாக வந்தாலும் வழி கொடுங்கள். ஒதுங்குமிடத்தில் நிறுத்தித் தூங்கவே கூடாது.

முழுச் சுற்று 516 மைலையும் ஆறு நாளில் ஓட்டலாம்தான், பிள்ளைகள் ஜன்னலை மட்டும் பார்ப்பார்கள். அதற்குப் பதில் உல்லாபூல், டர்னஸ் வரை போய், டங், லெய்ர்க் வழியாகத் திரும்புங்கள். டீசல் பாதியானதும் நிரப்பிவிடுங்கள்.

பழைய வயர்மேன்:
பேட்டரி நல்லதாகவே இருக்கலாம். 12 வோல்ட்டில் 700 வாட் என்றால் கிட்டத்தட்ட 60 ஆம்பியர். ஈய அமில பேட்டரியில் அவ்வளவு இழுத்தால் வோல்ட்டேஜ் சரியும், இன்வெர்டர் தன்னைக் காத்துக்கொள்ள நின்றுவிடும். கேபிள் மெல்லியதாக இருந்தால் இன்னும் மோசம். முழு சார்ஜ் ஏற்றி, சில மணி நேரம் சும்மா விட்டு அளந்து பாருங்கள். 12.6க்கு மேல் காட்டினால் பெரும்பாலும் பயமில்லை. எதற்கு வம்பு, கேஸ் அடுப்பில் பிரஷர் குக்கர் வையுங்கள்.

மலைப்பாதை:
சொல்ல மறந்தேன், மிட்ஜ். பொடி ஈ, கூட்டமாக வந்து கடிக்கும். ஜூலை மாலையில் காற்று அசையாவிட்டால் வெளியே உட்கார முடியாது. தலைக்கு வலை வாங்குங்கள், காற்று அடிக்கும் இடமாகப் பார்த்து நிறுத்துங்கள்.

ஊர்சுற்றி:
அளந்தேன், 12.7. சரி, ரைஸ் குக்கர் வீட்டிலேயே இருக்கட்டும். கணவாயையும் திட்டத்திலிருந்து அடித்துவிட்டேன். வலை நாலு போதுமா, கூடுதலாக ஒன்று வாங்கவா?

மலைப்பாதை:
ஐந்து வாங்குங்கள். ஒன்று முதல் நாளே தொலையும்.