மின்காந்தம் ஒட்டவே மாட்டேங்குது, நாளைக்குக் கண்காட்சி, அவசரம்!!

குட்டி_எடிசன் (இரவு 7.12)
நாளைக்கு ஸ்கூலில் அறிவியல் கண்காட்சி. மின்காந்தம் செய்திருக்கிறேன். புத்தகத்தில் போட்டிருக்கிற மாதிரியே ஆணியில் கம்பி சுற்றி பேட்டரியில் மாட்டியாச்சு. எதுவுமே ஒட்டவில்லை. பேட்டரி புதுசு. என்ன பண்றது? சீக்கிரம் சொல்லுங்க ப்ளீஸ்.

வைண்டிங்_கடை (7.20)
என்ன கம்பி தம்பி? பிளாஸ்டிக் உறை போட்டதா, மோட்டாருக்குச் சுற்றுகிற செம்பு நிறக் கம்பியா? எத்தனை சுற்று? எந்த பேட்டரி? எதை ஒட்ட வைத்துப் பார்த்தாய்?

சுருள்வில் (7.26)
இவ்வளவு கேட்கவே வேண்டாம். இரண்டு அடுக்கு சுற்றியிருப்பான். முதல் அடுக்கு ஆணியின் முனைக்குப் போகிறது, இரண்டாவது அடுக்கு கொண்டைக்குத் திரும்பி வருகிறது. ஒன்றின் காந்தப்புலத்தை இன்னொன்று அடித்துவிடும். ஒரே அடுக்காகச் சுற்று, சரியாகிவிடும்.

வைண்டிங்_கடை (7.31)
அப்படிப் பார்த்தால் நான் பல அடுக்காகக் கட்டுகிற ஒரு ரிலே காயில்கூட (மின்காந்த ஸ்விட்சின் கம்பிச்சுருள்) வேலை செய்யக் கூடாது. கம்பி முனைக்குப் போகிறதா, திரும்பி வருகிறதா என்பது கணக்கே இல்லை. ஆணியை எந்தப் பக்கமாகச் சுற்றி வருகிறது என்பதுதான் கணக்கு. முதல் அடுக்கு வலஞ்சுழி என்றால் இரண்டாவதும் வலஞ்சுழி. கையை மாற்றி எதிர்ப்பக்கமாகச் சுற்றினால்தான் ஒன்றை ஒன்று தின்னும்.

ஃபாரடே_தாசன் (7.44)
ஒவ்வொரு வருடமும் கண்காட்சிக்கு முந்தின ராத்திரி இதே கேள்வி வரும். தேடிப் பார்க்கும் பழக்கம் யாருக்கும் கிடையாது. ஆணியில் கம்பி சுற்றினால் மின்காந்தம் என்று மனப்பாடம் செய்கிறீர்கள், கம்பிக்கு எதற்கு மேல்பூச்சு என்று ஒருவரும் கேட்பதில்லை. 1825-ல் இங்கிலாந்தில் வில்லியம் ஸ்டர்ஜன் மின்காந்தம் செய்தபோது கையில் இருந்தது வெறும் செம்புக் கம்பி. அதனால் லாட வடிவ இரும்புக்கு வார்னிஷ் பூசி, சுற்றுகள் ஒன்றோடு ஒன்று தொடாமல் தள்ளித் தள்ளிச் சுற்றினார். அமெரிக்காவில் ஜோசப் ஹென்றி கம்பிக்கே பட்டுத்துணி உறை கொடுத்தார். நெருக்கி, அடுக்கடுக்காகச் சுற்ற முடிந்தது அதற்கப்புறம்தான். இன்றைக்குப் பட்டுக்குப் பதில் எனாமல் என்கிற மெல்லிய பூச்சு. அது மின்சாரத்தை விடாது. பேட்டரியைத் தொடுகிற இடத்தில் அதை எடுத்தீர்களா இல்லையா? அதைச் சொல்லிவிட்டு மற்றதைப் பேசுங்கள்.

குட்டி_எடிசன் (7.58)
செம்பு கலர் கம்பிதான். மேலே உறை எதுவும் இல்லையே, பளபளன்னு இருக்கு. பேட்டரி சதுரமா ஒன்னு இருக்குமே அது. சுற்று எண்ணவில்லை, நிறைய.

வைண்டிங்_கடை (8.03)
அந்தப் பளபளப்புதான் எனாமல் தம்பி. இரண்டு முனையிலும் ஓர் அங்குலத்துக்கு உப்புத்தாளை மடித்துப் பிடித்துக் கம்பியை உருவு. உருட்டி உருட்டி எல்லாப் பக்கமும் உருவ வேண்டும். கருஞ்சிவப்பு போய் வெளிர் ரோஸ் நிறம் வந்தால் செம்பு தெரிகிறது என்று அர்த்தம். பிளேடால் ஒரு பக்கம் மட்டும் சுரண்டினால் சில நேரம் படும், சில நேரம் படாது. தீக்குச்சியில் சுட்டால் கரி ஏறிக்கொள்ளும், அப்புறமும் தேய்க்கத்தான் வேண்டும்.

குட்டி_எடிசன் (8.21)
தேய்ச்சேன். இப்ப குண்டூசி ஒன்னு லேசா ஒட்டுது. காசு தூக்கவே இல்லை. காசு தூக்கினாதான் நல்லா இருக்கும்.

இயற்பியல்_அக்கா (8.30)
சதுரமாக என்றால் 9 வோல்ட் பேட்டரிதானே? அதுதான் சிக்கல். உள்ளே பொடிப் பொடியாக ஆறு செல்கள் இருக்கும். மின்னழுத்தம் உண்டு, மின்னோட்டம் கொடுக்க வலு கிடையாது. விலை குறைந்த வகையில் உள்தடை, அதாவது பேட்டரிக்குள்ளேயே இருக்கிற மின்தடை, 30 ஓம் என்று வைத்துக்கொள். உன் கம்பியின் தடிமன் 26 கேஜ் என்றால் அதன் தடை மீட்டருக்கு ஏறக்குறைய 0.1 ஓம். நூறு சுற்றுக்கு இரண்டு மீட்டர் போகும், 0.2 ஓம். அப்போது மின்னோட்டம் 9-ஐ 30.2-ஆல் வகுத்தால் வருவது, 0.3 ஆம்பியர்.

டார்ச்சில் போடுகிற பெரிய பேட்டரிக் கட்டை ஒன்று 1.5 வோல்ட்தான். ஆனால் உள்தடை 0.4 ஓம் என்று வைத்தாலும் 1.5-ஐ 0.6-ஆல் வகு, 2.5 ஆம்பியர். காந்தத்தின் வலு சுற்று எண்ணிக்கையை மின்னோட்டத்தால் பெருக்கியதைப் பொறுத்தது. அங்கே 30, இங்கே 250.

சுருள்வில் (8.37)
9 வோல்ட்டை விட ஒன்றரை வோல்ட் பலமா? நல்ல கதை. சுற்று போதவில்லை, அவ்வளவுதான். 500 சுற்று சுற்றச் சொல்லுங்கள்.

இயற்பியல்_அக்கா (8.45)
சுற்றைக் கூட்டினால் கம்பியும் நீளும், தடையும் கூடும். பேட்டரிக் கட்டையில் நூறை இருநூறு ஆக்கினால் கம்பியின் தடை 0.4, மொத்தம் 0.8, மின்னோட்டம் 1.9 ஆம்பியருக்குக் கீழே. பெருக்கினால் 375. இரண்டு மடங்கு கம்பி போட்டும் ஒன்றரை மடங்குதான். மேல் அடுக்குகளில் ஒவ்வொரு சுற்றுக்கும் கம்பி கூடுதலாகப் போகும் என்பதால் உண்மையில் இன்னும் கொஞ்சம் குறையும். போகப் போக லாபம் சுருங்கிக்கொண்டே வரும். உள்தடை அதிகமான 9 வோல்ட்டில்தான் சுற்றைக் கூட்டுவது நன்றாக எடுபடும். புத்தகத்தில் 'சுற்றுகள் அதிகரித்தால் வலிமை அதிகரிக்கும்' என்று இருப்பது மின்னோட்டம் மாறாமல் இருக்கும்போது. அந்தப் பாதியை யாரும் படிப்பதில்லை.

ஃபாரடே_தாசன் (8.52)
எந்தக் காசு என்று இதுவரை ஒருவர்கூடக் கேட்கவில்லை.

குட்டி_எடிசன் (8.55)
அஞ்சு ரூபாய்.

ஃபாரடே_தாசன் (8.58)
பொன்னிற ஐந்து ரூபாய் நிக்கல் பித்தளை. ஹென்றியே வந்தாலும் தூக்க முடியாது. ஒரு ரூபாயை வையுங்கள். அது துருப்பிடிக்காத எஃகு, ஒட்டும்.

சுருள்வில் (9.04)
இரும்பு, கோபால்ட், நிக்கல் மூன்றும் காந்தப் பொருள் என்று ஆறாம் வகுப்பிலிருந்து படிக்கிறோம். நிக்கல் இருந்தும் ஒட்டாதாம், எவர்சில்வர் ஒட்டுமாம். எங்கள் வீட்டு எவர்சில்வர் குடத்தில் காந்தம் ஒட்டியதே இல்லை.

சமையல்கட்டு_ராணி (9.10)
எங்கள் வீட்டில் டம்ளரில் ஒட்டாது, தோசைக்கரண்டியில் ஒட்டும். காந்தம் ஒட்டினால் மட்டம் என்று பாத்திரக்கடையில் சொன்னார்கள். உண்மையா?

இயற்பியல்_அக்கா (9.19)
பித்தளையில் பெரும்பங்கு செம்பும் துத்தநாகமும். கொஞ்சம் நிக்கல் அதில் கரைந்துபோனால் அதன் காந்தக் குணம் வெளியே தெரியாது. எவர்சில்வரில் இன்னும் வேடிக்கை. 304 என்கிற ரகத்தில் 18 சதவீதம் குரோமியம், 8 சதவீதம் நிக்கல். அந்த நிக்கல்தான் இரும்பணுக்களின் படிக அமைப்பை மாற்றி ஒட்டாமல் செய்கிறது. 430 ரகத்தில் நிக்கல் கிட்டத்தட்ட இல்லை, அதனால் ஒட்டும். நாணயமும் இந்த வகைதான்.

வைண்டிங்_கடை (9.24)
கடைக்காரர் சொல்வது பாதிதான். நிக்கலைக் குறைத்து மாங்கனீஸ் சேர்த்த 200 வரிசை ரகங்களிலும் காந்தம் ஒட்டாது, விலை மட்டும் குறைவு. காந்தத்தை வைத்து அதையும் 304-ஐயும் பிரிக்க முடியாது. இன்டக்‌ஷன் அடுப்புப் பாத்திரத்தின் அடியில் ஒட்டத்தான் வேண்டும், அது மட்டம் இல்லை.

சுருள்வில் (9.29)
குடத்தின் விளிம்பில் மட்டும் லேசாக ஒட்டுகிறது, இப்போதுதான் வைத்துப் பார்த்தேன். அப்போது அது எந்த ரகம்?

குட்டி_எடிசன் (9.41)
பேட்டரிக் கட்டை போட்டேன். குண்டூசி கொத்தா ஒட்டுது, ஒரு ரூபாயும் தூக்குது. தேங்க்ஸ்.

வைண்டிங்_கடை (9.44)
ஒரு ஸ்விட்ச் போட்டுக்கொள். சேர்ந்தாற்போல மாட்டி வைத்தால் கம்பி சுடும், கட்டையும் சீக்கிரம் தீர்ந்துவிடும். ஸ்விட்சை அணைத்ததும் குண்டூசி விழுகிறதா பார். விழாமல் தொங்கினால் நீ வைத்திருப்பது கான்கிரீட் ஆணி, கடின எஃகு, காந்தத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். சாதாரண ஆணிக்கு மாற்று. பார்க்க வருகிறவர்கள் முதலில் அதைத்தான் செய்துகாட்டச் சொல்வார்கள்.

ஃபாரடே_தாசன் (9.50)
தம்பி, வடமுனை எந்தப் பக்கம் என்று கேட்டால்? மின்னோட்டம் போகிற பக்கமாக வலது கை விரல்களை மடக்குங்கள், கட்டைவிரல் காட்டுவது வடமுனை. மின்னோட்டம் என்றால் பேட்டரியின் நேர்முனையிலிருந்து கிளம்புவது. இதையாவது சரியாகச் சொல்லுங்கள்.

இயற்பியல்_அக்கா (9.53)
அவன் தூங்கப் போயிருப்பான். சுருள்வில், விளிம்பில் ஒட்டினாலும் 304 ஆக இருக்கலாம். தகட்டை மடித்து அழுத்துகிற இடத்தில் படிக அமைப்பு கொஞ்சம் மாறும், அங்கே மட்டும் காந்தம் லேசாகப் பிடிக்கும்.

சுருள்வில் (9.58)
அப்படியானால் காந்தத்தை எடுத்துக்கொண்டு பாத்திரக்கடைக்குப் போவதே வீண் வேலை என்கிறீர்களா?

சமையல்கட்டு_ராணி (10.02)
போங்கள். கடைக்காரர் கொஞ்சம் பயப்படுவார்.